கியர் நாப் மாத்தப் போறீங்களா? ஆர்டர் போடும் முன் மரையைப் பாருங்க!

காரில் செய்யக்கூடிய மாற்றங்களில் மிகச் சின்னது இதுதான். ஆனால் மரை தவறினால் ஓடும் காரில் நாப் கையோடு வந்துவிடும், ரிவர்ஸ் வளையம் தவறினால் கார் பின்னால் போகும். எதைப் பார்த்து வாங்குவது, எப்படிக் கழற்றிப் பொருத்துவது, சட்டம் என்ன சொல்கிறது? முழு விளக்கம்.

கார் ஓட்டும்போது உங்க கை அதிகம் தொடும் இடங்கள் இரண்டு. ஒன்று ஸ்டீயரிங். இன்னொன்று, கியர் லிவரின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் அந்தக் குமிழ். ஸ்டீயரிங்கில் ஏர்பேக் இருப்பதால் அதில் கை வைக்க யோசிப்போம். குமிழை அப்படி யாரும் நினைப்பதில்லை. ஆன்லைனில் பார்த்தோமா, பிடித்ததா, ஆர்டர் போட்டோமா, ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டினோமா என்று முடித்துவிடுகிறோம்.

பெரும்பாலும் அது அவ்வளவு சுலபமாகவே முடியும். முடியாதபோது என்ன ஆகும் என்பதையும் ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. ஹைவேயில் லாரியை ஓவர்டேக் செய்ய ஐந்தாவது கியரில் இருந்து நாலுக்கு இழுக்கிறீர்கள். கை பின்னால் வருகிறது, குமிழும் கையோடு வருகிறது, லிவர் மட்டும் அங்கேயே நிற்கிறது. அந்த இரண்டு நொடிகள் வேண்டாம் என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

இந்தக் குமிழுக்கு ஏன் இவ்வளவு மவுசு?

ஸ்போர்ட்ஸ் கார் உலகத்தில் கியர் நாப் வெறும் அலங்காரப் பொருளாக இருந்ததில்லை. 1970, 1971 ஆகிய இரண்டு ஆண்டுகளும் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற போர்ஷே 917 காரில் கியர் நாப் எதில் செய்தது தெரியுமா? பால்சா மரத்தில். தக்கை மாதிரி லேசான மரம் அது. காரின் எடையில் ஒவ்வொரு கிராமையும் குறைக்க வேண்டும் என்ற வெறி குமிழ் வரைக்கும் வந்திருந்தது. பிறகு போர்ஷே கரேரா ஜிடி வந்தபோது, அந்த 917-ஐ நினைவூட்டும் விதமாகவே அதற்கும் மரக் குமிழ் வைத்தார்கள்.

ஹோண்டா போன வழி வேறு. 1992-ல் வந்த என்எஸ்எக்ஸ்-ஆர் காரில் டைட்டானியம் குமிழ் இருந்தது. 2020 சிவிக் டைப் ஆர் மாடலில் உருண்டைக் குமிழை எடுத்துவிட்டு, கண்ணீர்த் துளி வடிவக் குமிழைக் கொடுத்தார்கள். அதற்குள்ளே வேண்டும் என்றே 90 கிராம் எடைக்கட்டி ஒன்றையும் வைத்தார்கள்.

ஒரு கம்பெனி எடையைக் குறைக்கிறது, இன்னொன்று எடையைக் கூட்டுகிறது. இதில் யார் சரி? இருவருமே சரிதான். ஒருவருக்குத் தேவை லேசான கார், இன்னொருவருக்குத் தேவை கைக்கு வழுக்கிக்கொண்டு விழும் கியர். நீங்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியதும் இதைத்தான்: உங்களுக்கு என்ன வேண்டும்?

கனமான குமிழ் போட்டால் கியர் உண்மையிலேயே நன்றாக விழுமா?

விழுவது போல இருக்கும். அதற்குக் காரணமும் உண்டு.

ஒரு கியரில் இருந்து அடுத்ததற்கு மாற்றும்போது, கியர்பாக்ஸுக்குள் வெவ்வேறு வேகத்தில் சுற்றும் பாகங்கள் ஒரே வேகத்துக்கு வர வேண்டும். அந்த வேலையைச் செய்வது சின்க்ரோ வளையம். அது வேலை செய்யும் அந்தக் கணத்தில்தான் லிவர் லேசாகத் தடுப்பது போல உங்கள் கைக்குத் தெரிகிறது. லிவரின் உச்சியில் எடை கூடுதலாக இருந்தால், ஒருமுறை நகரத் தொடங்கிய லிவர் அந்த வேகத்தோடே தடையைத் தாண்டிப் போகும். சின்னச் சின்ன இடறல்கள் கைக்கு வராது. 'வெண்ணெய் மாதிரி விழுது' என்று நண்பர்கள் சொல்வது இதைத்தான்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். எடை கூடியதால் கியர்பாக்ஸ் நன்றாகிவிடவில்லை. உங்கள் கைக்கு வரும் தகவல்தான் குறைந்திருக்கிறது. இரண்டாவது கியர் 'கரக்' என்று சத்தம் போட்டால், கியர் விழ முரண்டு பிடித்தால், முதலில் பார்க்க வேண்டியவை கிளட்ச் முழுசாக விடுகிறதா, கியர் ஆயில் எப்படி இருக்கிறது, லிவருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும் புஷ்கள் தேய்ந்திருக்கிறதா என்பவைதான். அதை விட்டுவிட்டு அரைக் கிலோ குமிழைப் போட்டு அமுக்கினால், தலைவலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு காய்ச்சலைக் கவனிக்காமல் விட்ட கதைதான்.

உயரம் குறைந்தால் 'ஷார்ட் ஷிஃப்ட்' ஆகுமா?

ஓரளவுக்கு ஆகும். லிவர் கீழே ஒரு புள்ளியில் ஊன்றி ஆடுகிறது. அந்தப் புள்ளியில் இருந்து குமிழ் 250 மி.மீ உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 25 மி.மீ இறக்கிப் பொருத்தினால், கை நகர வேண்டிய தூரம் 10 சதவீதம் குறையும். கொடுக்க வேண்டிய அழுத்தம் சுமார் 11 சதவீதம் கூடும். நெம்புகோல் கணக்கு அவ்வளவுதான், இலவசமாக எதுவும் கிடைக்காது. பெங்களூரு சில்க் போர்டு மாதிரியான சிக்னல்களில் தினமும் ஊர்ந்து போகிறவர்கள் இந்தக் கூடுதல் அழுத்தத்தைச் சாயந்தரம் முழங்கையில் உணர்வார்கள்.

எந்தப் பொருளில் வாங்கலாம்?

50 மி.மீ விட்டமுள்ள உருண்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம். உள்ளே போடும் ஓட்டையைக் கணக்கில் சேர்க்காவிட்டால், அடர்த்தியை வைத்து எடை ஏறக்குறைய இப்படி வரும்:

• டெல்ரின் எனும் கெட்டி பிளாஸ்டிக்: 90 கிராம்
• அலுமினியம்: 175 கிராம்
• டைட்டானியம்: 295 கிராம்
• ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்: 520 கிராம்

எடைக்கு அடுத்து நம்ம ஊருக்கென்றே ஒரு கேள்வி உண்டு. அது வெயில். மே மாசத்தில் திறந்த வெளியில் நிறுத்திய காரின் டாஷ்போர்டு 60 டிகிரியைத் தாண்டிவிடும். கண்ணாடி வழியாக நேர் வெயில் படும் இடத்தில் பளபளவென்று ஒரு அலுமினியக் குமிழ் இருந்தால், மதியம் அதைத் தொடுவதும் தோசைக்கல்லைத் தொடுவதும் ஒன்றுதான். உலோகங்கள் எல்லாமே சுடும். அலுமினியம் தன் சூட்டை மற்றவற்றைவிட வேகமாகக் கைக்குக் கடத்தும். ஆபீஸில் மூடிய பார்க்கிங் இல்லாதவர்களுக்கு டெல்ரின், லெதர் சுற்றியது, மரம் ஆகியவைதான் நிம்மதி. உலோகம்தான் வேண்டும் என்றால், நிறுத்தும்போது மேலே ஒரு கைக்குட்டையைப் போட்டுவிட்டுப் போங்க.

முக்கியமான கேள்வி: உங்கள் காரில் குமிழ் எப்படி நிற்கிறது?

பெரும்பாலான கார்கள் மூன்று வகைக்குள் அடங்கிவிடும்.

முதல் வகை, மரை வைத்துத் திருகியது. ஹோண்டா, மாஸ்டா, டொயோட்டா, சுபாரு என ஜப்பான்காரர்களின் மேனுவல் ஸ்போர்ட்ஸ் கார்கள் பெரும்பாலும் இப்படித்தான்.

இரண்டாவது, அழுத்திப் பொருத்தியது. பி.எம்.டபிள்யூ இந்த வகை. 2023-ல் இந்தியாவுக்கு 6 ஸ்பீடு மேனுவலோடும் வந்த எம்2 காரை நினைவிருக்கிறதா? அந்தக் குடும்பம்.

மூன்றாவது, குமிழும் அதன் கீழே இருக்கும் லெதர் உறையும் ஒரே துண்டாக வந்து, உள்ளே கிளாம்ப் போட்டு இறுக்கியது. இதில் முக்கியமான ஆள் ஃபோக்ஸ்வாகன் குடும்பம். நம் ஊரில் இன்றைக்கும் ரசிகர்கள் விடாமல் வைத்திருக்கும் போலோ இதற்கு நல்ல உதாரணம்.

உங்கள் கார் எந்த வகை என்று தெரியாமல் ஆர்டர் போடாதீர்கள். 'யுனிவர்சல், எல்லா காருக்கும் பொருந்தும்' என்று எழுதியிருந்தால் இரட்டைக் கவனம் தேவை. அந்த வகையில் பல, உள்ளே ஒரு ரப்பர் அல்லது பிளாஸ்டிக் குழாயை வைத்து, பக்கவாட்டில் மூன்று குட்டித் திருகுகளால் லிவரைக் கவ்விப் பிடிக்கும். தினமும் நூற்றுக்கணக்கான முறை இழுக்கும்போது அந்தப் பிடி தளரும். தொடக்கத்தில் சொன்ன லாரி ஓவர்டேக் காட்சிக்கு இதுதான் குறுக்குவழி.

மரை அளவு: இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்

மரைக்கு இரண்டு அளவுகள் உண்டு. ஒன்று, தண்டின் விட்டம். இன்னொன்று, ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளி. அதை 'பிட்ச்' என்பார்கள். எம்10 × 1.25 என்றால் 10 மி.மீ விட்டம், 1.25 மி.மீ இடைவெளி என்று பொருள்.

பரவலாகத் தெரிந்த சில அளவுகள்:

• மாஸ்டா எம்எக்ஸ்-5: எம்10 × 1.25
• ஹோண்டா எஸ்2000, சிவிக் டைப் ஆர்: எம்10 × 1.5
• டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட்: எம்12 × 1.25

முதல் இரண்டையும் பாருங்கள். விட்டம் ஒன்றே, இடைவெளி மட்டும் வேறு. ஹோண்டாவுக்கான குமிழை மாஸ்டாவில் போட்டால் முதல் ஒன்றிரண்டு சுற்று சமத்தாக உள்ளே போகும். அப்புறம் இறுகும். 'புதுசு இல்லையா, அதான் டைட்டா இருக்கு' என்று நினைத்து இன்னும் கொஞ்சம் முறுக்கினால் போச்சு. நாசமாவது குமிழ் மட்டும் இல்லை, லிவரின் மரையும் சேர்ந்துதான். குமிழுக்கு வேறு வாங்கிக்கொள்ளலாம். லிவரின் மரை கழன்றால் கன்சோலைப் பிரித்து லிவரையே மாற்ற வேண்டி வரும்.

உங்கள் கார் மேலே உள்ள பட்டியலில் இல்லையா? பழைய குமிழைக் கழற்றிவிட்டு நீங்களே அளந்துவிடலாம். வெர்னியர் காலிப்பரால் தண்டின் வெளி விட்டத்தை அளங்கள். 9.8 என்று காட்டினால் அது எம்10-தான், மரையின் நுனி எப்போதும் கொஞ்சம் குறைவாகவே காட்டும். அடுத்து, பத்து இடைவெளிகளின் மொத்த நீளத்தை அளங்கள். 12.5 மி.மீ என்றால் பிட்ச் 1.25. 15 மி.மீ என்றால் 1.5.

காலிப்பர் இல்லையா? தெருமுனை ஹார்டுவேர் கடையில் சாதாரண எம்10 நட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே கேட்காமலே கொடுப்பது பெரும்பாலும் 1.5 பிட்ச்தான். அது கையாலேயே கடைசி வரை சுலபமாகச் சுற்றினால் உங்கள் அளவு எம்10 × 1.5. இரண்டு சுற்றில் நின்றால் 1.25 ஆக இருக்க வாய்ப்பு அதிகம். ஆன்லைனில் ஆயிரங்களைக் கொட்டும் முன் சில்லறைக் காசில் செய்யக்கூடிய சோதனை இது.

ரிவர்ஸ் வளையத்தை மறந்தால்...

ரிவர்ஸ் கியர் தவறுதலாக விழாமல் இருக்க ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பூட்டு வைத்திருக்கும். ஃபோக்ஸ்வாகனில் லிவரையே கீழே அழுத்தி, பிறகு இடது பக்கம் தள்ள வேண்டும். பி.எம்.டபிள்யூவில் ஒரு தடையைத் தாண்டி இடது பக்கம் தள்ள வேண்டும். டொயோட்டா 86, ஹூண்டாய் கார்கள் பலவற்றில் குமிழுக்குக் கீழே ஒரு வளையம் இருக்கும். அதை விரலால் தூக்கினால்தான் ரிவர்ஸ் விழும்.

வளையம் உள்ள காரில் சாதாரண உருண்டைக் குமிழைத் திருகினால் இரண்டு விதமாகச் சிக்கல் வரும். குமிழ் ரொம்பக் கீழே இறங்கி வளையத்தைத் தூக்க இடமே இல்லாமல் போகலாம். அப்போது மால் பார்க்கிங்கில் மாட்டிக்கொண்டு, பின்னால் எடுக்க முடியாமல் நிற்பீர்கள். இதைவிட மோசமானது இன்னொன்று. வளையம் பாதியில் சிக்கி மேலேயே நின்றுவிட்டால் பூட்டு எப்போதும் திறந்தே இருக்கும். ரிவர்ஸும் முதல் கியரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் கார்களில், சிக்னல் பச்சை ஆனதும் முதல் கியர் என்று நினைத்து நீங்கள் போடுவது ரிவர்ஸாக இருக்கலாம். பின்னால் பைக்கில் குழந்தையோடு ஒருவர் நின்றுகொண்டிருப்பார்.

அதனால் வளையம் உள்ள கார் என்றால் அதற்கென்றே செய்த குமிழ் அல்லது வளையத்துக்கான அடாப்டர், இரண்டில் ஒன்று கட்டாயம். பொருத்திய பிறகு வளையம் தடையில்லாமல் முழுசாக மேலே போக வேண்டும். விட்டதும் தானாக முழுசாகக் கீழே வர வேண்டும். இதில் சமரசமே கூடாது.

சரி, எப்படிக் கழற்றிப் பொருத்துவது?

காரைச் சமதளத்தில் நிறுத்துங்கள். இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து, சக்கரத்துக்கு ஒரு கல் அல்லது கட்டை கொடுங்கள். கியரை நியூட்ரலில் வைக்கப் போகிறோம் என்பதால் இது முக்கியம்.

மரை வகை என்றால்:

1. குமிழின் கழுத்தில் இருந்து லெதர் உறையை விடுவித்துக் கீழே இறக்குங்கள். சில கார்களில் ஒரு பிளாஸ்டிக் வளையத்தைச் சுற்றினாலே வந்துவிடும்.

2. ஒரு கையால் லிவரின் தண்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் குமிழைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றுங்கள். தண்டைப் பிடிக்காமல் சுற்றினால் அந்த முறுக்கு முழுக்கக் கீழே இணைப்புகளுக்குப் போகும்.

3. வரவில்லையா? கம்பெனியில் பசை போட்டிருக்கலாம். ஹேர் டிரையரால் சில நிமிடங்கள் சூடேற்றி, ரப்பர் கையுறையோடு முயற்சி செய்யுங்கள். பைப் ரெஞ்ச் போட்டு மல்லுக்கட்ட வேண்டாம்.

4. எத்தனை சுற்றில் வந்தது என்று எண்ணிக்கொள்ளுங்கள். புதியதும் ஏறக்குறைய அதே ஆழத்துக்குப் போக வேண்டும். தோராயமாக, தண்டின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு நீளமாவது மரை பிடித்திருக்க வேண்டும். எம்10 × 1.5 என்றால் சுமார் 7 சுற்று. எம்10 × 1.25 என்றால் 8 சுற்று. எம்12 × 1.25 என்றால் 10 சுற்று.

5. மரையைத் துணியால் துடையுங்கள். லாக் நட்டை முதலில் தண்டில் இறக்குங்கள். பிறகு புதுக் குமிழை விரல்களால் மட்டும் சுற்றுங்கள். முதல் மூன்று சுற்றும் தடையில்லாமல் போக வேண்டும். இறுகினால் அங்கேயே நிறுத்திவிட்டுத் திரும்ப எடுங்கள்.

6. குமிழின் மேலே உள்ள கியர் வரைபடம் நேராக இருக்கும்படி நிறுத்தி, கீழே இருந்து லாக் நட்டைக் குமிழோடு சேர்த்து இறுக்குங்கள். நீல நிற, நடுத்தர வலிமைப் பசையை ஒரு சொட்டு விடலாம். சிவப்பு நிறம் வேண்டாம், பிறகு கழற்றும்போது கண்ணீர் வரும்.

பி.எம்.டபிள்யூ வகை என்றால் சுற்றவே கூடாது. உறையின் சட்டத்தை விடுவித்துவிட்டு, குமிழை நேராக மேல் நோக்கி இழுக்க வேண்டும். பலமாகவே இழுக்க வேண்டியிருக்கும், அது 'டப்' என்று திடீரென வரும். அதனால் முகத்தை நேர் மேலே வைத்துக்கொண்டு இழுக்காதீர்கள். மூக்கு பத்திரம். விளக்கு எரியும் குமிழ் என்றால் உள்ளே ஒயர் இருக்கும், முதலில் அதன் இணைப்பை எடுங்கள். புதியதை நேராக வைத்து, 'கிளிக்' என்று உட்காரும் வரை அழுத்தினால் போதும்.

ஃபோக்ஸ்வாகன் வகை என்றால் உறையின் சட்டத்தைக் கன்சோலில் இருந்து மெதுவாக நெம்பி எடுத்து, உறையை உள்வெளியாகத் திருப்பி மேலே தூக்குங்கள். அடியில் ஒரு உலோக கிளாம்ப் தெரியும். இது ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் வகையாகவே பெரும்பாலும் இருக்கும். அதை வெட்டிவிட்டு குமிழையும் உறையையும் சேர்த்து எடுத்துவிடலாம். புதிய கிளாம்ப் கையில் இல்லாமல் வெட்ட ஆரம்பிக்காதீர்கள்.

எந்த வகையாக இருந்தாலும் ஒரு எல்லை வைத்துக்கொள்ளுங்கள். உறையைத் தாண்டி கன்சோலையே பிரிக்க வேண்டும் என்ற நிலை வந்தால், கையை எடுத்துவிட்டுத் தெரிந்த மெக்கானிக்கிடம் போங்க. பல கார்களில் ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி அந்தக் கன்சோலுக்கு அடியில்தான் இருக்கிறது.

பொருத்தியாச்சு. உடனே ரவுண்டு போகலாமா?

அஞ்சு நிமிஷம் பொறுங்க. இன்ஜினை ஆன் செய்யாமலே, கிளட்சை மிதித்து எல்லா கியரையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். 1, 3, 5 போடும்போது கை ஏசி பட்டன்களில் இடிக்கிறதா? 2, 4, 6 போடும்போது ஆர்ம்ரெஸ்டில் முட்டுகிறதா? உறை எங்காவது இழுத்துப் பிடிக்கிறதா? உறை இழுத்தால் கியர் தானாக நழுவ வாய்ப்புண்டு. ரிவர்ஸை மட்டும் பத்து முறை போட்டுப் பாருங்கள்.

பிறகு ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் மெதுவாக ஓட்டிப் பார்த்து, அதன்பின் சாலைக்கு வாருங்கள். ஒரு வாரம் கழித்து லாக் நட்டை மறுபடி ஒருமுறை சரிபாருங்கள். தளர்வு வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே காட்டிக் கொடுத்துவிடும்.

இன்னொன்று. கியர் வரைபடம் இல்லாத மொட்டைக் குமிழ் வாங்கியிருந்தால், கண்ணில் படும் இடத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். உங்களுக்கு ரிவர்ஸ் எங்கே என்று தெரியும். ஹோட்டலில் சாவி வாங்கும் வேலட் பையனுக்கும், சர்வீஸுக்கு எடுத்துப் போகிறவருக்கும், அவசரத்துக்கு வண்டி எடுக்கும் உங்கள் தம்பிக்கும் தெரியாது. ஒரு காரில் ரிவர்ஸ் இடது மேல் மூலையில் இருக்கும், இன்னொன்றில் வலது கீழ் மூலையில் இருக்கும்.

போலீஸ் பிடிப்பாங்களா? சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுதான் இதற்கு அடிப்படை. ஆர்.சி-யில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதில் இருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது அது. 'மாற்றம்' என்பதற்கு அந்தப் பிரிவே விளக்கமும் தருகிறது: வாகனத்தின் அமைப்பில் செய்யும் மாறுதலால் அதன் அடிப்படைத் தன்மை மாற வேண்டும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் இந்தப் பிரிவைக் கறாராகவே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் சேர்த்து விதிக்கலாம்.

படிக்கும்போது பகீரென்று இருக்கும். ஆனால் கியர் நாப் ஆர்.சி-யில் இடம்பெறும் விவரம் அல்ல. அதை மாற்றுவதால் வாகனத்தின் அடிப்படைத் தன்மையும் மாறுவதில்லை. சட்டத்தை நேராகப் படித்தால், சத்தம் போடும் சைலன்சர், வெளியே நீட்டும் சக்கரம், நிற மாற்றம் ஆகியவற்றோடு இதை ஒரே தட்டில் வைக்க முடியாது. கார் ஆர்வலர்கள் முதலில் கை வைப்பது இதில் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாரண்டி விஷயம் வேறு. கியர்பாக்ஸில் கோளாறு என்று நீங்கள் சர்வீஸ் சென்டருக்குப் போகும்போது, லிவரில் அரைக் கிலோ இரும்பு உருண்டை உட்கார்ந்திருந்தால் கேள்வி வரத்தான் செய்யும். எனவே வாரண்டி புத்தகத்தில் வெளிப் பாகங்கள் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். பழைய குமிழை அதன் வளையம், கிளாம்போடு ஒரு கவரில் போட்டுப் பத்திரமாக வையுங்கள். சர்வீஸுக்கு விடும் முன்பும், காரை விற்கும்போதும் அதையே திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.

ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்களுக்கு?

பல ஆட்டோமேட்டிக் கார்களில் குமிழிலேயே ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தினால்தான் பார்க்கில் இருந்து லிவர் நகரும். அந்தப் பட்டன் உள்ளே ஒரு கம்பியோடு இணைந்திருக்கும். அதில் மேனுவல் காருக்கான உருண்டையைப் பொருத்த முடியாது, முயற்சியும் செய்யாதீர்கள். உங்கள் மாடலுக்கென்றே வரும் குமிழ் கிடைத்தால் மட்டும் மாற்றலாம்.

எங்கே வாங்குவது?

டெல்லியில் கரோல் பாக், பெங்களூரில் ஜே.சி ரோடு, சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு என்று ஒவ்வொரு பெரிய நகரத்திலும் கார் ஆக்சஸரீஸுக்கு ஒரு தெரு இருக்கிறது. ஆன்லைனைவிட அங்கே ஒரு லாபம் உண்டு: கையில் பிடித்துப் பார்க்கலாம், உங்கள் லிவரிலேயே இரண்டு சுற்று சுற்றியும் பார்க்கலாம். வெளிநாட்டில் இருந்து வரவழைப்பவர்கள் கூரியர் கட்டணம், சுங்க வரி எல்லாம் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

பிரபல ஜப்பானிய பிராண்டுகளின் பெயர் பொறித்த போலிகளும் நிறையவே வருகின்றன. பெட்டியில் பெயர் அழகாக இருப்பதைவிட, மரை அளவு தெளிவாக எழுதியிருக்கிறதா, உள்ளே உலோக மரை இருக்கிறதா என்று பாருங்கள். பிளாஸ்டிக்கிலேயே மரை வெட்டியிருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஆர்டர் போடும் முன் ஐந்து கேள்விகள்

• என் காரில் குமிழ் திருகியதா, அழுத்தியதா, கிளாம்ப் போட்டதா?
• மரை என்றால், விட்டமும் பிட்ச்சும் அளந்துவிட்டேனா?
• ரிவர்ஸ் வளையம் இருக்கிறதா? இருந்தால், புதிய குமிழ் அதற்கு இடம் விடுகிறதா?
• கார் வெயிலில் நிற்குமா? நின்றால், இந்தப் பொருளை மதியம் என்னால் தொட முடியுமா?
• கியர் இப்போதே முரண்டு பிடிக்கிறதா? பிடித்தால், முதல் செலவு மெக்கானிக்குக்கு.

ஐந்துக்கும் பதில் கையில் இருந்தால், இது அரை மணி நேர வேலை. பிடிக்கவில்லை என்றால் இன்னொரு அரை மணி நேரத்தில் பழையதையே மாட்டிவிடலாம். காரில் செய்கிற மாற்றங்களில் இப்படித் திரும்பி வர வழியுள்ளவை குறைவு. அந்த வழி திறந்தே இருக்க வேண்டும் என்றால், லிவரின் மரை கெடாமல் இருக்க வேண்டும். எனவே முதல் மூன்று சுற்று விரலால் மட்டும். ஸ்பேனரை எடுப்பது லாக் நட்டுக்கு மட்டும்தான்.